சாவி கொடுத்தவனும் குற்றவாளியே!

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஆண்டு தவறாமல் மதுவைப் பற்றி ஒரு பட்டிமன்றம் நடந்துவிடுகிறது. சென்ற ஆண்டும் நடந்தது. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்று தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கியதை ஒரு நண்பர் எடுத்துரைத்தார். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதையும், 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியதையும், 1971-இல் விலக்கப்பட்டு 1974-இல் மீண்டும் வந்ததையும், 1981-இல் மறுபடியும் தளர்ந்ததையும் மற்றொரு நண்பர் ஆண்டு வாரியாக அடுக்கினார். 2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது என்று எதிரணித் தலைவி முழங்கியபோது அரங்கமே அதிர்ந்தது.

எல்லோரும் நன்றாகவே பேசினர். நானும் கை வலிக்கத் தட்டினேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஓர் எண்ணம் என்னை அரித்தது. மேடை ஏறியவர்களில் ஒருவர்கூட ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவில்லையே! குடித்து முடித்தவர் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அவர் கைக்கு வண்டிச் சாவி எப்படி வந்தது?

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்று வாதாட நான் வரவில்லை. அதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். அந்தச் சாவியைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். அதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஒருமுறை அந்தச் சாவியை எடுத்துக் கொடுத்தவன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளம், கம்பு, பருத்தி என்று ஏதாவது உண்டு. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. என் தந்தையார் மூட்டம் போடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மிதிக்க வைத்தவர் என் தாய்மாமன். கொத்தனார். மதுரை, விருதுநகர் என்று போய், சாரத்தின் மேல் நின்று சம்பாதித்தவர். "மாப்ளே, நீ படிக்கிறத மட்டும் பாரு, மத்தத மாமன் பாத்துக்கிறேன்" என்று நான் எட்டாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்தே சொல்லி வந்தவர். அவர் குடிகாரர் அல்லர். குடிகாரர் என்று ஊரில் பெயரெடுத்தவர்கள் வேறு நால்வர் இருக்கின்றனர். என் மாமா நல்லது கெட்டதில் நான்கு பேரோடு உட்கார்ந்தால் குடிப்பார், அவ்வளவே.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் குலதெய்வக் கோயிலில் என் சித்தி மகளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டு, இரவுப் பந்தி. இரண்டாம் பந்தி எழுந்தபோது இலை தீர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் கை கழுவி உட்காரக் காத்திருக்கின்றனர். யாராவது அருப்புக்கோட்டைக்குப் போய் இலைக்கட்டு வாங்கி வர வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். என் மாமாதான் முதலில் எழுந்தார். எப்போதும் அவர்தான் முதலில் எழுவார். "மாப்ளே, சட்டப் பையில சாவி கெடக்கு, எடுத்தா" என்றார். சட்டை வேம்பின் கிளையில் தொங்கியது. மாமாவின் வாயிலிருந்து வந்த வாடை எனக்குத் தெரிந்தது. நடை சற்றுத் தள்ளாடியதையும் கண்டேன். என் தாயாரும் கண்டார். அத்தையும் கண்டார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். "பாத்துப் போங்க மாமா" என்று ஒரு சொல்லும் கூடச் சொன்னேன்.

திருச்சுழி சாலையில் விறகு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து ஓரமாக நின்றிருக்கிறது. பின்னால் விளக்கில்லை, மின்னும் தகடில்லை, சாலையில் ஒரு கல்லோ குழையோ எடுத்து வைத்தவரும் இல்லை. மாமா நேராகப் போய் அதில் மோதினார். அந்த வழியே ஆட்டுக்கிடைக்குப் போன ஒருவர் 108-க்குச் சொல்லி, வண்டி வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். உயிர் பிழைத்தார். மதுரையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் மாமா சாரம் ஏறவில்லை. இப்போது அத்தை எங்களோடு மூட்டத்துக்கு வருகிறார்.

டிராக்டரின் மேல் குற்றம் இல்லையா என்று பலர் கேட்டனர். இருக்கிறது. விளக்கில்லாத வண்டியை இருட்டில் நிறுத்துவது பெருங்குற்றம். ஆனால் அதே டிரெய்லரை அன்று மாலையிலிருந்து எத்தனையோ பேர் விலகிக் கடந்து போயிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்று நான் ஏன் கொடுத்தேன்? மூன்று ஆண்டுகளாக யோசித்ததில் எனக்குக் கிடைத்த விடை, மரியாதை என்பதுதான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கேட்டதை மருமகன் மறுப்பது இல்லை. அதிலும் பத்துப் பேர் முன்னால், சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, "நீங்க குடிச்சிருக்கீங்க, தர மாட்டேன்" என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் சொன்னால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? பெண்கள் நிலை இன்னும் மோசம். கணவனிடம் சாவியைக் கேட்டுவிட்டால் அவள் அடக்கமில்லாதவள். அண்ணனிடம் கேட்டால் வாயாடி. ஆகவே எல்லோரும் ஒரு சொல்லைச் சொல்லி வைத்திருக்கிறோம்: "பாத்துப் போங்க." பார்த்துப் போகும் சக்தியைத்தான் அவர் மரத்தடியில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். அவரிடமே பார்த்துப் போகச் சொல்கிறோம்!

குடித்தவருக்குத் தாம் குடித்திருப்பது மற்றவருக்குத் தெரிகிற அளவு தெரியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மது முதலில் மங்கச் செய்வது, இது ஆகும், இது ஆகாது என்று எடைபோடும் அறிவைத்தான். கை கால் தடுமாறுவது பிறகு. எனவே, "என்னால் ஓட்ட முடியும்" என்று அவர் சொல்வது பொய் அல்ல. அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். தராசே கெட்டுப்போன கடையில் எடை கேட்டு என்ன பயன்? அந்த முடிவை எடுக்க வேண்டியவர், அங்கே குடிக்காமல் நிற்பவர்.

நான் இயற்பியல் மாணவன். முதலாண்டில் இயக்கச் சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்தபோது அந்த இரவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். எதிரே தடை இருப்பதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க, தெளிந்த ஆளுக்கு ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வண்டி 16.7 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல தார்ச்சாலையில் நொடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். குடித்தவருக்கு அரை நொடி மட்டும் கூடுதலாகிறது என்று வையுங்கள். அரை நொடி என்பது கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் வண்டி இன்னும் 8 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்கை முடித்தபோதுதான் விளங்கிற்று: தெளிந்தவரின் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், குடித்தவரின் வண்டி மணிக்கு 38 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் இரும்பில் மோதினால் எலும்பு என்ன ஆகும் என்பதற்குச் சமன்பாடு தேவையில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே உடைக்க வேண்டியிருக்கிறது. மோர் குடித்தால் தெளியும், எலுமிச்சம்பழம் பிழிந்தால் தெளியும், தலையில் தண்ணீர் ஊற்றினால் தெளியும் என்று எங்கள் ஊரில் சொல்லாதவர் இல்லை. இரத்தத்தில் கலந்த மதுவை முறிப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. ஒருவர் இரவு 10 மணிக்கு 120 மில்லிகிராம் அளவோடு எழுகிறார் என்றால், சட்டம் அனுமதிக்கும் 30 மில்லிகிராமுக்கு இறங்கவே விடியற்காலை 4 மணி ஆகும். மோர் அவர் வயிற்றைக் குளிர்விக்கும். கடிகாரத்தை முன்னால் தள்ளாது. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புபவர்கூட முழுதும் தெளியாமல் இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, அந்த 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாயும் இரண்டு ஆண்டும். இது பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத பிரிவு 188. குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாய் இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டு என்று அது சொல்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இதைக் கையில் எடுத்து, குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. அப்போது அதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். "ஏறி உக்காந்தது ஒரு குத்தமா?" என்று நண்பனிடம் கேலி பேசினேன்.

ஜப்பானில் நடந்ததைப் பின்னர்தான் படித்தேன். 2006 ஆகஸ்டில் புக்குவோகா நகரில் ஒரு பாலத்தின் மேல், குடித்துவிட்டுக் கார் ஓட்டிவந்தவர் முன்னால் சென்ற காரை இடித்ததில் அது கடலில் விழுந்தது. ஒரே குடும்பத்தின் மூன்று சிறு குழந்தைகள் மாண்டனர். நாடே கொதித்தது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டியவரோடு நிற்கவில்லை. குடித்தவரிடம் வண்டியைக் கொடுத்தவர், ஓட்டப் போகிறார் என்று தெரிந்தும் மது கொடுத்தவர், தெரிந்தே உடன் ஏறிச் சென்றவர் ஆகிய எல்லோருக்கும் தண்டனை என்றார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. வண்டியைக் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். பொருந்தியது.

இனி ஒரு புள்ளிவிவரம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையதுதான். ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதும் குடிபோதையால் நேர்ந்த சாவுகள் என்று கணக்கில் ஏறியவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இதைக் காட்டி, "குடியால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை" என்று பட்டிமன்றத்தில் ஒருவர் வாதிட்டார். கணக்கு எப்படி ஏறுகிறது என்று அவர் பார்க்கவில்லை. பெரும்பாலான விபத்துகள் அதிவேகம் என்ற கட்டத்தில் எழுதப்படுகின்றன. அந்த வேகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. மற்றொரு காரணமும் உண்டு, அது வீட்டுக்குள் இருப்பது. வண்டி உரிமையாளருக்குக் கட்டாயமாக எடுக்கப்படும் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். போதையில் ஓட்டியிருந்தால் அது கிடையாது. ஆகவே மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது என்ன தெரியுமா? "ஐயா, குடிச்சிருந்தார்னு மட்டும் எழுதிராதீங்க." என் அத்தையும் மன்றாடினார். எங்களுக்கு அது பலிக்கவில்லை, எழுதிவிட்டார்கள். எழுதியதுதான் நியாயம். ஆனாலும் அன்று எழுதியவரை நாங்கள் எல்லோரும் சபித்தோம். எத்தனை இடங்களில் அந்த மன்றாட்டு பலித்திருக்குமோ, அத்தனை எண்கள் கணக்கில் இல்லை என்பது என் எண்ணம்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்ற வழக்கு நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்கறிஞர் கே. பாலு நடத்திய அந்த வழக்கில் 2016 டிசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. 2017 மார்ச் இறுதியில் 20,000-க்கும் குறைந்த மக்கள் உள்ள ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் மூடப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை செல்லாது என்று அதே ஆண்டு ஜூலையில் விளக்கம் வந்தது. நல்ல தீர்ப்புத்தான். நான்கு வழிச் சாலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இரவு பகலாக லாரிகள் போகும் நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய தீர்ப்பு. ஆனால் மூடிய கடைகள் வேறு இடம் தேடின. ஊருக்குள் வரக்கூடாது என்று பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் மறித்த பெண்கள் அடி வாங்கியது நாடறிந்த செய்தி. சாலையிலும் கூடாது, ஊரிலும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது காடு. எனவே கடை காட்டுக்குப் போனது. அங்கே போக வண்டி வேண்டும், வரவும் வண்டி வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் போகும் கடையும் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. இரவு 10 மணிக்குக் கடை அடைக்கிறார்கள். எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து அதற்கு வெகுமுன்னரே போய்விடும். நடந்து போனால் ஒரு மணி நேரம், இருபுறமும் கருவேலங்காடு, பாம்பு பயம். ஆக, பத்து மணிக்கு வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியில்தான் திரும்பியாக வேண்டும். இதை வகுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? காவல்துறையினர் ஊதச் சொல்லிச் சோதிப்பதை நான் பார்த்ததெல்லாம் நகரின் முனையிலும் நான்கு வழிச் சாலையிலும்தான். கிராமச் சாலையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. கடை இருக்கும் சாலையில் வாரத்தில் இரண்டு நாள், இரவு பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு காவலர் நின்றால் போதும். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். சாகவிடாமல் காக்கும் ஏற்பாடுகள் ஓரளவு நம் மாநிலத்தில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008-இல் வந்த 108 ஊர்தி இல்லையென்றால் என் மாமா இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. ஆனால் இவையெல்லாம் மோதிய பிறகு வருபவை. மோதுவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது நான்தான்.

சாவியை மறுத்தால் சண்டை வராதா என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். வரும். திட்டுவார்கள், சில வீடுகளில் அடியும் விழும். அதனால்தான் குடித்த பிறகு கேட்கக்கூடாது, உட்காருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும் என்கிறேன். அப்போது அவர் தெளிந்த மனிதர். அவரிடம் காரணம் பேசலாம். ஒருவரிடம் மட்டும் வாங்கினால் அவமானம், எல்லோரிடமும் வாங்கினால் அது முறை. மொய் எழுத ஓர் ஆளை உட்கார வைக்கிறோம், பந்தி விசாரிக்க ஓர் ஆளை நிறுத்துகிறோம். சாவி வாங்கி வைக்க மட்டும் ஏன் ஓர் ஆள் கூடாது?

நான் சென்ற விடுமுறையில் இதை என் மாமாவிடமே சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாவி கொடுத்ததைப் பற்றி அதுவரை நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ அன்னைக்குத் தர மாட்டேன்னுருந்தா ஒன்ன அடிச்சிருப்பேன்டா மாப்ளே" என்றார். சற்றுப் பொறுத்து, "அடிச்சுட்டு மறுநாக் காலையில சாரம் ஏறியிருப்பேன்" என்றார்.

வரும் வைகாசியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பெண் வீட்டாரிடமும் பேசிவிட்டோம். நானும் என் வகுப்பு நண்பர்கள் மூவரும் பந்தல் வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்காருகிறோம். வருகிறவர்கள் சாவியைத் தந்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பக் கொடுப்பதா, வேண்டாமா என்பதை எங்களோடு உட்காரப் போகும் என் மாமா முகம் பார்த்துச் சொல்லுவார். அவர் சொன்னால் ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கொண்டுபோய் விட ஒரு மினி லாரி பேசியிருக்கிறோம், வாடகையில் பாதியை மாப்பிள்ளை ஏற்கிறார். சாவிகளைப் போட்டு வைக்க அத்தை தன் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார்.